ஹோரிக்கு எப்படி 7 பட்டங்கள்?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ராபர்ட் ஹோரியிடம் 7 சாம்பியன் பட்டங்கள், மைக்கேல் ஜோர்டனிடம் 6தான். ஆட்டத்துக்குச் சராசரி 7 பாயிண்ட் எடுத்தவர் ஹோரி. பெரிய ஆட்டக்காரர்கள் தயவில் கிடைத்த பட்டங்கள்தானே இவை? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லவே இல்லை. ஹோரியைப் பற்றி இப்படிப் பேசினால் எனக்கு மனசு கேட்காது.

ஹூஸ்டனில் ஒலாஜுவான், லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீல், சான் அன்டோனியோவில் டிம் டங்கன் என்று மூன்று அணியிலும் கூடைக்கு அடியில் மலைபோல ஒருவர் இருந்தது உண்மைதான். அவரை இரண்டு பேர் சேர்ந்து மறிக்கத்தான் எதிரணி பார்க்கும். அந்த நேரத்தில் ஆறே முக்கால் அடி ஹோரி மூன்று பாயிண்ட் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து கூடையில் போட்டால் 3 பாயிண்ட்) வெளியே போய் நிற்பார். 1990களில் அவ்வளவு உயரமான ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்) அங்கிருந்து எறிவது அபூர்வம். அவரைத் தேடி ஆள் வெளியே வந்தால் உள்ளே ஒலாஜுவானுக்கு இடம் கிடைக்கும். வராவிட்டால் ஹோரி எறிவார். அவர் பந்தையே தொடாமல் அணிக்குக் கிடைத்த கூடைகள் அவர் பெயரில் பதிவாவதில்லை. அந்த 7 பாயிண்ட் சராசரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

1994 பிப்ரவரியில் ஹூஸ்டன் அவரை டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வரவேண்டிய ஷான் எலியட் மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அந்தப் பரிமாற்றமே ரத்தானது. ஹோரி திரும்பி வந்தார், ஜூனில் ஹூஸ்டன் முதல் பட்டம் வென்றது.

அப்புறம் 2005 இறுதிச் சுற்று, ஐந்தாவது ஆட்டம். தொடர் 2-2. மூன்றாவது குவார்ட்டர் முடியும் தறுவாய் வரை ஹோரி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மட்டும் 21 பாயிண்ட்! ஓவர்டைமில் (சமநிலையால் கிடைத்த கூடுதல் நேரத்தில்) சான் அன்டோனியோ 2 பாயிண்ட் பின்தங்கியிருக்க, ஹோரி ஓரத்திலிருந்து பந்தைச் சக ஆட்டக்காரர் ஜினோபிலிக்குப் போட்டார். எதிரணியின் ரஷீத் வாலஸ் இவரை விட்டுவிட்டு ஜினோபிலியை மறிக்க ஓடினார். பந்து திரும்பி வந்தது, எறிந்தார், 96-95. அப்போது மீதி 5.8 விநாடி. தயவில் பட்டம் வாங்குகிறவர் அந்த நேரத்தில் பந்தைக் கேட்டு நிற்க மாட்டார்.

கேள்வி: 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் கடைசிப் பந்தை ஜோர்டன் ஏன் சக ஆட்டக்காரர் ஸ்டீவ் கெர்ருக்குக் கொடுத்தார்? (வாசகி, ஈரோடு)

பதில்: ஜோர்டன் அன்று 39 பாயிண்ட் எடுத்திருந்தார். 86-86 சமநிலை. தன்னை மறிக்க, எதிரணியில் கெர்ரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாக்டன் ஓடி வருவார் என்று ஜோர்டன் எதிர்பார்த்தார். முன்னதாக டைம் அவுட்டிலேயே கெர்ரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. கெர்ரின் பந்து உள்ளே விழுந்தபோது 5 விநாடி பாக்கி. கெர்ருக்கு அது கண்மூடிக் கிடைத்த பாஸ் அல்ல. மூன்று பாயிண்ட் எறிதலில் வாழ்நாள் சராசரி 45.4 சதவீதம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஜோர்டனை எனக்கு அதிகம் பிடிக்க வைத்தது அந்த ஒரு பாஸ்.

கேள்வி: நான்கு நட்சத்திரங்களைச் சேர்த்துவிட்டால் போதாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 2004இல் லேக்கர்ஸ் அதைத்தான் செய்தது. ஷகீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றார்கள். மலோனுக்கு முழங்கால் காயம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஆடுகளத்தில் பந்து ஒன்றுதான்; அது கையில் இல்லாத நேரத்தில் ஐந்து பேரும் சேர்ந்து தடுப்பதில் டெட்ராய்ட் எங்கோ மேலே இருந்தது.

கேள்வி: என் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆறாவது ஆள், முதல் ஐந்து பேரில் இல்லை. சோர்ந்து போகிறாள். என்ன சொல்ல? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: என்.பி.ஏ.யில் பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கென்றே 1983 முதல் தனி விருது தருகிறார்கள் என்று சொல்லுங்கள். பெஞ்சில் இருக்கும்போது எதிரணியில் யார் களைத்திருக்கிறார், யார் எப்போதும் வலது பக்கமே திரும்புகிறார் என்று கவனிக்கட்டும். உள்ளே போனதும் அந்த ஆளைத்தான் முதலில் மறிக்க வேண்டும். ஓரத்திலிருந்து எறியும் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.