அலுமினியப் படகில் பிஷ் ஃபைண்டரின் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) சென்சரை ஓட்டை போடாமல் உள்பக்கம் ஒட்டலாமா? வெளியில் பூட்டுவதென்றால் எங்கே?

ஒட்டலாம், நானும் ஒட்டினேன். பிறகு அந்த எப்பொக்சியை உளியால் கொத்திக் கழற்ற இரண்டு நாள் போனது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் கேட்ட விதத்திலேயே தெரிகிறது, படகு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாரோ அனுப்பியது, கருவியும் அதோடு வந்தது. கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணக் கரையில் அலுமினியப் படகைச் சொந்தக் காசில் வாங்கிய தொழிலாளி ஒருவரையும் நான் கண்டதில்லை. இங்கே எல்லாம் பதினெட்டு அடி பைபர் போட்தான். எனக்கு வந்ததும் அப்படியே. 2023இல் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வீட்டுச் சாமான்களோடு ஒரு 14 அடி அலுமினியப் படகையும் கொன்ரெய்னரில் போட்டு அனுப்பிவிட்டான். அடுத்த ஆடியில் பிள்ளைகளோடு வருவானாம், பாசையூரில் இறங்கி மீன் பிடிப்பானாம். அதற்குள் நான் எல்லாம் பூட்டி வைத்திருக்க வேண்டுமாம்.

என் வேலை படகு மிசின் திருத்துவது. சொந்தமாக ஒரு பைபர் போட்டும் உண்டு. அதில் சென்சரை உள்பக்கம் அடித்தளத்தில் எப்பொக்சியால் ஒட்டி நாலு வருடமாக ஒரு குறையும் இல்லை. அந்தத் திமிரில்தான் அலுமினியத்திலும் ஒட்டினேன். காய்ந்ததும் கடலில் இறக்கினேன். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. ஆழம் ஒருமுறை 0.7 மீற்றர், அடுத்த முறை 11 மீற்றர். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தால் இரண்டரை மீற்றர். படகில் கூட வந்த பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மீன் எங்க நிக்குதெண்டு தண்ணியின்ர நிறத்தில தெரியும், உனக்கு ரீவி வேணுமோ?” என்றார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. சென்சருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியைக் கீழே அனுப்பும், திரும்பி வரும் ஒலியை மறுபடி மின்சாரமாக்கும். கடல் நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போகும். 3 மீற்றர் ஆழமென்றால் போய்வர ஒரு செக்கனில் ஆயிரத்தில் நாலு பங்கு நேரம், அவ்வளவுதான். பைபரின் வழியே இந்த ஒலி பெரிதாகத் தடைப்படாமல் தண்ணீருக்குள் போய்விடும். நடுவில் நுரைப் பஞ்சோ மரமோ வைக்காத கெட்டியான பைபராக இருந்தால் சரி. அலுமினியம் அப்படி விடாது. பெரும்பகுதியை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பும், தகடும் கோயில் மணிபோல அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுதான் திரையில் கறுப்பாக விழுந்தது. மெல்லிய தகட்டில் ஒட்டி ஆழம் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கீழே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம், உங்களுக்கு வந்திருக்கலாம், எனக்கு வரவில்லை. தயாரிப்பாளர்களின் கையேடுகளிலும் உலோகப் படகுக்கு உள்ளே ஒட்டச் சொல்வதில்லை.

சரி, வெளியில் பூட்டுவோம் என்று மிசின் கொழுவும் பின்தகட்டில் நாலு ஓட்டை போட்டேன். அங்கேதான் அடுத்த முட்டாள்தனம். கடையில் பித்தளை ஸ்குறூ வாங்கினேன், பித்தளை துருப்பிடிக்காதே என்று. பித்தளை பிடிக்கவில்லைதான். மார்கழியில் படகைக் கரையேற்றிப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்குறூவையும் சுற்றி வெள்ளை மா. விரலால் தட்ட உதிர்ந்தது. ஓட்டைகள் பெருத்து உள்ளே தண்ணீர் கசிந்திருந்தது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அது ஒரு பற்றரி. அந்தப் பற்றரியில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் டோர்ச் பற்றரிக்கே தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட பிள்ளைகள் நாங்கள். அப்படிப்பட்டவனுக்குக் கடலே பற்றரி செய்து தந்தது, அதுவும் என் மச்சானுடைய படகில்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தகட்டில் நேரே சென்சரைப் பூட்ட வேண்டாம். இறைச்சி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்குங்கள், தடித்ததாக. அதைப் பின்தகட்டில் வைத்து, சென்சரின் ஸ்குறூக்களைப் பலகையில் மட்டும் இறக்குங்கள். கை தவறி இடம் பிழைத்தாலும் பலகையில்தான் ஓட்டை. பலகையை ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, என்னுடையது அடுத்த நாளே கழன்று மிதந்தது. நீர்மட்டத்துக்கு மேலே இரண்டே இரண்டு 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலோன் வளையம், ஓட்டைக்குள் படகுக்கென்று விற்கும் பொலியூரித்தேன் சீலர். வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன் வேண்டாம், அதுவே உலோகத்தை அரிக்கும். ஸ்டெயின்லெஸும் வேறு உலோகம்தானே என்று கேட்கப் போகும் படித்தவர்களுக்கு: தெரியும். அதனால்தான் நீர்மட்டத்துக்கு மேலே என்றேன், அதனால்தான் வளையமும் சீலரும்.

இடம் என்றால், பின்னாலிருந்து பார்க்க வலப்பக்கம். பெரும்பாலான மிசின்களில் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும், அந்தப் பக்கத்தில் இலை கீழ்நோக்கி இறங்கும், நுரை குறைவு. சுழலும் வட்டத்துக்கு வெளியே குறைந்தது 75 மில்லிமீற்றர் தள்ளி வையுங்கள், இன்னும் தள்ள இடம் இருந்தால் தள்ளுங்கள். அலுமினியப் படகின் அடியில் றிவெற் வரிசையும் நீளமான புடைப்புகளும் இருக்கும். அவற்றுக்கு நேர் பின்னால் வைத்தால் ஓடும்போது காற்றுக்குமிழி சென்சரின் முகத்தில் வந்து மோதும், காற்றுக்குள்ளால் இந்த ஒலி போகாது. இதே காரணத்தால்தான் பைபரில் சென்சரின் அடி தகட்டுக்குக் கீழே 3 மில்லிமீற்றர் நின்றால் போதும், அலுமினியத்தில் 10 மில்லிமீற்றர் வரை இறக்கச் சொல்கிறார்கள். ஓடும்போது திரை வெறுமையானால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். வயரை வெட்டிக் குட்டையாக்க வேண்டாம், மிசின் வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம். கருவியின் கறுப்பு வயரை நேரே பற்றரிக்குக் கொண்டுபோங்கள். ‘உடம்பே உலோகம்தானே’ என்று மோட்டார் சைக்கிள்போலப் படகின் தகட்டில் இணைத்தால், பித்தளை ஆறு மாதத்தில் செய்ததைக் கசியும் மின்சாரம் இன்னும் வேகமாகச் செய்துவிடும். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ரும் அலுமினியத்துக்கு ஆகாது.

இவ்வளவையும் நான் தட்டுத்தடுமாறிப் படித்த காலமெல்லாம் மச்சான் வீடியோ கோலில். “யூடியூப்பில பார் மச்சான், அவங்கள் பத்து நிமிசத்தில பூட்டுறாங்கள்.” அவங்கள் பூட்டுவது நன்னீர் ஏரியில். ஞாயிறு மட்டும் இறக்கி, மாலையில் டிரெயிலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற படகில். இங்கே படகு மாதக்கணக்காக உப்புத் தண்ணீரில் கிடக்கிறது. அங்கிருந்து சாமான் அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஊற்ற எண்ணெய் யார் அனுப்புவது? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்த வாரம் என் பட்டறையில் திருத்தி முடித்த மூன்று மிசின் எடுத்துப்போக ஆளில்லாமல் கிடந்தன. கடலுக்குப் போகாதவனுக்கு மிசின் எதற்கு? அதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, சென்சருக்கு மட்டும் கேட்கிறார்கள். சரி, விடுவோம்.

ஆடியில் மச்சான் வந்தான். பலகையில் பூட்டிய சென்சர் பிசகாமல் வேலை செய்தது. ஈயக்குண்டு சொன்ன ஆழத்தையே திரையும் சொன்னது. சோளகக் காற்று கொஞ்சம் தணிந்திருந்த ஒரு காலை, கடல்நீரேரிக்குள் போனோம். மரக்கோலை ஊன்றினாலே ஆழம் தெரிகிற இடம், அது வேறு கதை. திரை நிறைய மீன் படம், சின்னது பெரியது என்று. பிள்ளைகள் துள்ளுகிறார்கள். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “உது மீனில்லை, சாதாழை” என்றார். கடலடியில் வளரும் செடி அது. மச்சான் நம்பவில்லை, வலையை எறிந்தான். இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சாதாழை.

மீன் படம் காட்டும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். அந்தப் பொத்தான் மெனுவில் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் கருவியின் பெயரைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.