தேசிய பாதுகாப்புப் பாடமும் வகுப்பின் மௌனமும்

டீச்சர், தரம் 10 வகுப்பில் "தேசிய பாதுகாப்பு" என்று கரும்பலகையில் எழுதியதுமே பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள் என்று எழுதி, இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது, அதோடு சமூக சேவையாக எதைச் செய்விப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மௌனம் அக்கறையின்மை இல்லை. வீட்டில் கேட்ட போர்க்காலச் சோதனைச்சாவடிக் கதைகள்தான் அவர்களுக்கு முதலில் நினைவு வரும். நானும் திருகோணமலையில் படிப்பித்தவள். தயவுசெய்து யாரையும் வீட்டுக் கதையைச் சொல்லும்படி கேட்க வேண்டாம்.

துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் பக்கத்திலுள்ள சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. ஏன் இந்த ஊர்? ஆழமான இயற்கைத் துறைமுகம், பக்கத்திலேயே எண்ணெய்த் தாங்கிகள். வரைபடத்தை விரித்து வைத்துக் கேளுங்கள், கடைசி வாங்கில் இருப்பவனும் பேசுவான். அப்புறம் அடுத்த கேள்வி: அன்றைய பிரித்தானிய ஆட்சி காக்க நினைத்தது துறைமுகத்தையா, அதைச் சுற்றி வாழ்ந்த சனத்தையா? இதற்கு ஒரு முழுப் பாடவேளையைக் கொடுங்கள். அவசரமே வேண்டாம்.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பார்க்கவில்லை. முன்னெச்சரிக்கை, ஓடும் வழி, ஒதுங்கும் இடம், பக்கத்து வீட்டாரின் நம்பிக்கை, இவையும் பாதுகாப்புத்தான் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

சமூக சேவைக்குச் சிரமதானம் மட்டும் போதாது. கரையிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதையை நடந்து பார்க்கட்டும், அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ட குறைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கடிதமாக எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால், 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பெற்றோர் ஒருவர் விண்ணப்பிக்கலாம்.