புயலுக்கு முன்பே ஊருக்கு அரசுப் பணம் கிடைக்குமா?

பாம்பனில் கூண்டு ஏற்றிய பிறகு ஓடுவதற்குப் பதில் முன்பே ஏதாவது செய்ய நிதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 2021–26க்கு 15-வது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்றே, அதாவது பாதிப்பை முன்பே குறைக்கும் வேலைகளுக்கென்றே, ஒதுக்கியது. தமிழ்நாட்டில் ஒன்றிய அரசு 75, மாநிலம் 25 என்ற பங்கு.

ஆனால் மண்டபத்துக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கடல் தடுப்புச் சுவர் இதில் வராது. அந்த மாதிரிப் பெரிய வேலைகளை வழக்கமான திட்டங்களில்தான் கேட்க வேண்டும் என்று நிதிக்குழுவே சொல்லிவிட்டது. அலையாத்தி நடவு போன்ற சின்ன வேலை கேளுங்கள். கிராம சபைத் தீர்மானத்தோடு கலெக்டரிடம் போங்கள், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர்.

அப்புறம், புயல் காப்பகச் சாவி யாரிடம் என்றும் கேட்டு வையுங்கள். எங்கள் ஊரில் ஒருமுறை மழையில் நனைந்தபடி பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.