காற்று எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாலே எங்காவது கூட்டிப் போ என்று பிள்ளைகள் உயிரை எடுக்கிறார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. ஒவ்வொரு தடவையும் ராமேஸ்வரம் கோயில், கலாம் மணிமண்டபம், தனுஷ்கோடி என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு ராத்திரி திரும்பும்போது ஒருத்தி அழுகை, ஒருத்தன் வாந்தி. வேறு எங்கேதான் போவது?
– ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: அந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும், ஆறு வயதுக்காரன் பாவம் என்ன செய்வான். ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். விடியக்காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டை முடித்ததும் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். எந்த இடம் என்பதைக் காற்றிடம் விட்டுவிடுங்கள்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒன்றுக்கு இரண்டு கடல் இருக்கிறது, வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் குதிக்கும், வடகடல் சாதுவாகக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று எழும்பிவிட்டால் அப்படியே தலைகீழ். மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும், காரில் வருகிற நமக்குத்தான் தெரிவதில்லை. ஆக, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிற காலாண்டு லீவுக்கு வடகரை, தீபாவளியை ஒட்டியும் அதற்குப் பிறகும் என்றால் தென்கரை. கணக்கு இவ்வளவுதான்.

வடகரையில் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழல், ஆழம் குறைந்த கரை, மணலில் வீடு கட்டிக் கொண்டே இருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் மகளைக் காரங்காட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வேன். தொண்டிக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக் கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடைக்காது, அதனால் வேரே வெளியே வந்து மூச்சு விடுகிறது. அந்த மரத்து இலை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். மரம் வேர் வழியே குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பதைவிட அந்த ஒரு நக்கல் நன்றாக நினைவில் நிற்கும். படகு ஓடுகிறதா என்று முந்தின நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் படகில் ஏற்றுங்கள், ஏறிய பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வாடை வந்த பிறகு சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கே இறங்கலாம். சேதுக்கரைக்கு அமாவாசையில் மட்டும் போக வேண்டாம், திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடிக் கொண்டிருப்பீர்கள். எங்காவது கரைவலை இழுத்தால் நின்று பாருங்கள், வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து இழுத்துக் கொண்டே ஒன்றை ஒன்று நெருங்கி வருவார்கள், கடைசியில் மீன் சேர்ந்த வலைப்பை, அதாவது மடி, கரையேறும்போது பிள்ளைகள் கத்துகிற கத்தலைக் கேட்க வேண்டும்.

தனுஷ்கோடியை விட முடியாது என்றால் அதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது, ரயிலையே கடல் கொண்டு போனதைப் பெரியவளுக்குச் சொல்லலாம், சின்னவனுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும். அவனுக்கு ஊற்றைக் காட்டுங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பார்கள். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே நிற்கிறது, ரொம்ப ஆழமாகத் தோண்டினால் கரிக்கும். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் எந்த மாதமானாலும் குளிக்க இறங்கவே கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் எந்தக் கரையும் வேண்டாம்.

கேள்வி: காக்கா, சென்னையிலிருந்து மச்சான் குடும்பம் அக்டோபரில் வருகிறது. பிள்ளைகள் பூநாரை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எங்கே கூட்டிப் போக?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஒற்றைக் காலில் நிற்க வேண்டியது பூநாரை, அது இன்னும் வந்திருக்காது! தனுஷ்கோடிப் பக்கத்துத் தண்ணீர்ப் பரப்புகளில் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை ஆக வேண்டும். 2025-ல் அந்த இடத்தைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. அரையாண்டு லீவுக்கு வரச் சொல்லுங்கள். கண்மாய்ப் பறவைகளுக்கும் அதே கதைதான். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், ராமநாதபுரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டை, எல்லாம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ள இடங்கள், ஆனால் மழை பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டும். மழை பொய்த்த வருடம் போனால் காய்ந்த மரத்தைத்தான் பார்க்கலாம். பறவை இருந்தால், சிவப்புச் சட்டையும் ஸ்பீக்கரும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தம்பி, எனக்கு முட்டி வலி, பஸ் ஏறிப் போகிற தெம்பு இல்லை. சனி ஞாயிறு ஆனால் பேரப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு போனோடு மூலையில் உட்கார்ந்து விடுகிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே என்ன செய்யச் சொல்லலாம்?
– ஒரு பாட்டி, தொண்டி

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்த மாதத்துக்குக் கூடுதலாக ஒரு பக்கம் கேட்டிருக்கலாம் போல. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிற பருவம், நம் மாவட்டத்தில் பனைக்கா பஞ்சம்? பிள்ளைகளைச் சாக்குப் பையோடு அனுப்புங்கள், பழத்தைப் பொறுக்கி வரட்டும். சுட்டோ அவித்தோ நாராக உறிஞ்சித் தின்று முகமெல்லாம் மஞ்சளாக்கிக் கொள்ளட்டும், கொட்டையை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள்.

அதில் பாதியைக் கண்மாய்க் கரையில் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு அடிக் குழி, குழிக்கு ஒரு கொட்டை, நாலு எட்டு தள்ளி அடுத்த குழி. ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக் கொள்ளும். அது ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

மீதியைக் கொல்லையில் பாத்தியாகப் போடுங்கள். கெட்டித் தரையின் மேல் மணலைக் குவித்து மேடாக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே மண் மூடிவிட்டால் மார்கழிக் கடைசியில் கிழங்கு தோண்டலாம். மேடாகப் போடுவது எதற்கு என்றால், சமதரையில் கிழங்கு ஆழமாக இறங்கிவிடும், பிடுங்க முடியாது. பொங்கலுக்கு வருகிற பேரனே தன் கையால் எடுத்துத் தருவான். தோண்டின கையோடு கொட்டையைப் பெரியவர்கள் யாராவது அரிவாளால் பிளந்து கொடுத்தால் உள்ளே தவுன் என்கிற வெள்ளைப் பருப்பு இருக்கும், அதற்கு அடிதடியே நடக்கும், அந்த நேரம் போன் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் வருகிற வாரங்களுக்கு ஓலைக் காற்றாடி இருக்கவே இருக்கிறது. ஓலை, ஒரு முள், ஒரு குச்சி, அப்புறம் வாடைக் காற்று.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். பாம்பன் புதுப் பாலம் திறப்பதை எப்போது போனால் பார்க்கலாம்?
– ஒரு மாணவன், உச்சிப்புளி

பதில்: கப்பல் வந்தால்தான் தம்பி தூக்குவார்கள், நமக்காகத் தூக்க மாட்டார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும், அதையும் ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு முழுசாக, நேராக, 17 மீட்டர் வரை மேலே ஏறுகிறது, மோட்டார் வேலை. ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பதைவிட, அப்பாவிடம் சொல்லி ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் எடு. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று மிஞ்சினால் ரயிலைப் பாலத்தில் ஏற விட மாட்டார்கள், கோபப்படாதே.

கேள்வி: போன தடவை பிள்ளைகள் கரையில் பவளப் பாறைத் துண்டு பொறுக்கி வந்தார்கள். அலமாரியில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை, செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது, கடையில் விற்றாலும் வாங்கக் கூடாது. சங்கைக் கையில் எடுத்தால் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கரையில் கண்ணாடி மாதிரி சொறி, அதாவது ஜெல்லி மீன், ஒதுங்கியிருந்தால் காலால் கூடத் தொட வேண்டாம், செத்துக் கிடந்தாலும் அரிக்கும்.

கேள்வி: கிளம்புகிற அன்று பார்த்து மழை பிடித்துக் கொண்டால்?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் ஊரிலேயே ராமலிங்க விலாசம் இருக்கிறதே, உள்ளே போய் எத்தனை வருடம் ஆகிறது? ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை. சுவர் ஓவியங்களில் தஞ்சை மராட்டியருடன் நடந்த சண்டை இருக்கிறது, ராமாயணம் இருக்கிறது, துப்பாக்கிகூட இருக்கிறது. குதிரை எத்தனை என்று பிள்ளைகளை எண்ண விடுங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

கேள்வி: காரங்காட்டில் ஊர்ப் பெண்கள் சமைக்கிற மீன் சாப்பாடு பிரமாதம் என்கிறார்கள். லீவு விடுவதோ புரட்டாசியில், வீட்டுக்காரர் விரதம். என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருவாடானை

பதில்: இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவருக்குப் புளிச்சோறும் பருப்புத் துவையலும் கட்டிக் கொள்ளுங்கள், நீங்களும் பிள்ளைகளும் சாப்பிடும்போது அவரைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.