பொது இடங்களில் ‘பாதுகாப்பு நடை’ என்பது என்ன? அதில் பதின்ம வயதினரை ஏன் சேர்க்க வேண்டும்?

பேருந்து நிலையம், பூங்கா போன்ற இடங்களில் அவற்றைப் பயன்படுத்துவோரும் உள்ளாட்சி அலுவலர்களும் சேர்ந்து நடந்து, எங்கே, எதனால் அச்சம் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்வதே பாதுகாப்பு நடை. 1989-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பெண்களின் பாதுகாப்புக்காக உருவான முறை இது.

இடத்தைத் திட்டமிடுபவர் பெரும்பாலும் அதைப் பகலில்தான் பார்க்கிறார். ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ மாலை டியூஷன் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவிக்குத்தான், விளக்கு எரிந்தும் மரக்கிளை அதன் ஒளியை மறைப்பதும், தமிழ்வழியில் படிக்கும் தன் தம்பிக்கு மலையாளத்தில் மட்டும் எழுதிய அறிவிப்பு விளங்காமல் போவதும் தெரியும். சமையலறையில் புழங்குபவரைக் கேட்காமல் அலமாரியை எட்டாத உயரத்தில் அடிப்பதைப் போன்றதே அவர்களைக் கேட்காமல் திட்டமிடுவது. கூட்டமாக உட்கார்ந்தாலே விரட்டப்படும் பையன்களையும் கேட்க வேண்டும். இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இது சலுகையும் அன்று. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது.

பிள்ளைகளைக் காவல் வேலைக்கு அனுப்புவதாகச் சிலர் இதைத் தவறாக எண்ணுகின்றனர். குறையைச் சுட்டுவது மட்டுமே அவர்கள் பங்கு, சரிசெய்யும் பொறுப்பு உள்ளாட்சியுடையது.