எகிப்திய, நூபிய (எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கம்) கலைக்கூடங்களில் வரிசையாக நிற்கும் குட்டி மம்மி பொம்மைகள் எதற்கு?

அவற்றுக்கு ஷப்தி என்று பெயர். இறந்தவருக்குப் பதிலாக வேலை செய்யக் கல்லறையில் வைத்த ஆட்கள். மறுமையிலும் வயல் உண்டு, உழவு உண்டு என்பது எகிப்தியர் நம்பிக்கை. வேலைக்குக் கூப்பிட்டால் ராஜாவும் போக வேண்டும். அப்போது ஷப்தி "இதோ இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பல ஷப்திகளின் உடம்பிலேயே அந்த மந்திரம் பொறித்திருக்கும். வகுப்புக்கு வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொல்கிறோமே, அதேதான்!

கிட்டத்தில் பாருங்கள்: கையில் மண்வெட்டி, முதுகுப் பக்கம் சிறு பை. பிற்காலத்தில் நாளுக்கு ஒருவராக 365 பேர், அவர்களை மேய்க்க 36 மேஸ்திரிகள் என்றுகூட வைத்தார்கள்.

எகிப்தையும் ஆண்ட நூபிய அரசர் தஹார்காவுக்கு அதுவும் போதவில்லை போல. சூடானின் நூரியில் உள்ள அவரது பிரமிடில் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன, அத்தனையும் கல். எனக்கு எகிப்தின் நீலப் பளபளப்பு ஷப்திகளைவிட இந்த முரட்டு முகங்கள்தான் பிடிக்கும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன.

அப்புறம், இவை விளையாட்டுப் பொம்மைகளும் இல்லை, சாமி சிலைகளும் இல்லை.