ஆங்கில வாக்கியத்தில் வினையடையை எங்கே வைப்பது?

ஒரு செயல் எப்படி, எப்போது, எத்தனை முறை நடக்கிறது என்று சொல்வது வினையடை. மாமாக் கடையில் பால் தேநீரான தே தாரிக்கோடு ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சேர்த்துச் சொல்வதுபோல: பானம் அதேதான், பக்குவம் மாறுகிறது.

சிக்கல் இடத்தில்தான். தமிழில் வினை கடைசியில் வரும். அடை அதற்கு முன்னால் எங்கே நின்றாலும் பெரும்பாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்திலோ வினையும் செயப்படுபொருளும் ஒட்டியே நிற்கும், நடுவில் அடையை நுழைக்கக்கூடாது. ‘ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்’ தவறு. ‘ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி’ சரி. மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கட்டுரை எழுதும் பிள்ளைகள் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்றவை முதன்மை வினைக்கு முன்னால் வரும்: ‘ஐ ஆல்வேஸ் டேக் தி ஃபெரி’. ‘இஸ்’, ‘ஆர்’ இருந்தால் பின்னால்: ‘தி ஃபெரி இஸ் ஆல்வேஸ் ஃபுல்’.

‘லி’யில் முடிவதெல்லாம் வினையடை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை, ‘ஃபாஸ்ட்’ லி இல்லாமலே வினையடை, ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்பதை ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று எழுதினால் அவர் அநேகமாக வேலையே செய்வதில்லை என்றாகிவிடும்.